லைசென்ஸ் கொடுத்தாயிற்று, பைபாஸில் ஓட்ட யார் சொல்லித் தருவது?

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், மோட்டார் வாகன ஆய்வாளர்கள், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். என் சர்வீஸில் பெரும்பகுதி சென்னையிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற இரவு வண்டிகளில்தான் கழிந்தது. இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது கார் லைசென்ஸ் வாங்கினால், "முதல் தடவை பைபாஸ்ல போறான், நீங்க கொஞ்சம் பக்கத்துல உட்கார்ந்து வாங்களேன்" என்று பெற்றவர்கள் வந்து கேட்கிறார்கள். நானும் போகிறேன். அப்படி உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். நெடுஞ்சாலையில் ஓட்டுவதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்து, அதைத் தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகே கார் லைசென்ஸ் கொடுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பதினெட்டு வயது முடிந்ததும் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுக்கிறார்கள். முப்பது நாள் கழித்து டெஸ்டுக்கு வருகிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்து ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, கியர் மாற்றி, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் பாஸ். லைசென்ஸ் கையில் வந்த அன்றைக்கே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குலசாமி கோயிலுக்குக் கிளம்பலாம். சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. நேற்று வரை இரண்டாவது கியரில் ஸ்கூல் காரை ஓட்டிய பிள்ளை, இன்று நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே இருக்கும்.

விதியைக் குறை சொல்ல மாட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 15-ஆவது விதியைப் படித்தால் டெஸ்டில் எவற்றையெல்லாம் பார்க்கவேண்டும் என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். முன்னால் போகும் வண்டியை முந்துவது, அவசரத்தில் நிறுத்துவது, இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு வருவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக இடமில்லாத ஒரு தெருவில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? ஒரே காலையில் அத்தனை பேரைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரைத் தப்புச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியும் அப்படித்தான். டிரைவிங் ஸ்கூலில் காருக்குக் குறைந்தது 21 நாள், வண்டி ஓட்டுவது குறைந்தது 10 மணி நேரம் என்று விதி இருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது பைபாஸில் போக வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. பெரும்பாலும் ஸ்கூலைச் சுற்றியுள்ள நாலு தெருவிலேயே அது கழிந்துவிடுகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை சொல்வதைப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கோ சுமார் 2 சதவீதம்தான். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். பழகிய டிரைவர்கள் செய்த விபத்துகளும் இதில் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் அதிகம் சாகிற அந்த இரண்டு சதவீதச் சாலையில், அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்காமல் ஒரு பிள்ளையை இறக்கிவிடுவது எந்த வகையில் சரி?

"வண்டி ஓட்டத் தெரிந்தால் எங்கேயும் ஓட்டலாமே, நெடுஞ்சாலைக்கு என்ன தனிப் பாடம்?" என்று கேட்பார்கள். தனிப் பாடம்தான். சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஒன்று, ஏறுகிற இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான். இல்லை, முப்பதிலேயே உள்ளே நுழைகிறார்கள். நுழைகிற இடத்தில் மற்ற வண்டிகள் எண்பதில் வந்துகொண்டிருக்கும். சர்வீஸ் ரோட்டில் இருக்கும்போதே வலது இண்டிகேட்டர் போட வேண்டும், கண்ணாடியில் பார்த்து, தலையையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும், இடைவெளி தெரிந்ததும் அங்கே ஓடுகிற வேகத்துக்கு நம் வண்டியைக் கொண்டுவந்து சேர வேண்டும். ஏறிய உடனே வலது ஓரத்துக்குப் பாயக் கூடாது. இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். பதினைந்து தடவை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும். ஊருக்குள் எத்தனை மாதம் ஓட்டினாலும் இது வராது.

அடுத்தது இடைவெளி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை விநாடி ஆகிவிடும். பிரேக்கை மிதிக்கும் முன்பே நாற்பது மீட்டர் போய்விட்டோம். அப்புறம் காய்ந்த ரோட்டில், நல்ல டயரில் நிற்பதற்கு இன்னும் ஐம்பது அறுபது மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும் என்பதை ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகிய பிள்ளையின் கண் நம்பாது. முன்னால் போகிற வண்டி ஒரு மைல்கல்லையோ பாலத்தையோ தாண்டும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நிதானமாக எண்ணச் சொல்லுவேன். மூன்று சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் ரொம்ப நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். மழையென்றால் ஐந்து வரை எண்ண வேண்டும். "இவ்வளவு இடம் விட்டால் இன்னொருத்தன் நடுவில் நுழைந்துவிடுகிறானே" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நுழையட்டும். மறுபடி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டு இடம் விட வேண்டியதுதான். திருச்சி போய்ச் சேர இரண்டு நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

லேன் விஷயம் நம் ஊரில் பெரிய சிக்கல். இடப்பக்கம் ஓட்டு, வலப்பக்கம் முந்து என்பது விதி. ஆனால் பாரம் ஏற்றிய லாரிகள் வலது லேனைப் பிடித்துக்கொண்டு ஐம்பதில் போவதைத் தினமும் பார்க்கிறோம். இடது ஓரத்தில் பைக்குகள், நிற்கிற வண்டிகள், எதிரே ராங் சைடில் வருகிறவர்கள் இருப்பதால் லாரிக்காரர்கள் வலப்பக்கம் ஒதுங்குகிறார்கள். பொறுமை இழந்த புதுப் பிள்ளை இடப்பக்கம் நுழைந்து ஏறுகிறான். பெரிய வண்டியின் சீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: டிரைவருக்கு இடது பக்கம் ஒரு கார் முழுசாக மறைந்துபோகிற அளவு இடம் கண்ணுக்குத் தெரியாது. லாரி திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கினால் அவர் வேண்டுமென்று செய்ததாக இருக்காது, உங்களை அவர் பார்த்திருக்கவே மாட்டார். லாரியின் சைடு கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிகிற இடத்தில் இருந்தால்தான் அவருக்கும் நாம் தெரிவோம். இந்த ஒரு வரியை எல்.எல்.ஆர். தேர்வுக் கேள்விகளில் சேர்த்தாலே எத்தனையோ உயிர் பிழைக்கும்.

புத்தகத்தில் இல்லாத பாஷை ஒன்றும் ரோட்டில் இருக்கிறது. முன்னால் போகிற லாரி, ரோடு காலியாக இருக்கும்போது இடது இண்டிகேட்டர் போட்டால் "நீ முந்திப் போ" என்று சொல்வதாக இருக்கலாம். உண்மையிலேயே இடப்பக்கம் ஓரங்கட்டுவதாகவும் இருக்கலாம். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால் நம் ஊரில் "நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்" என்று அர்த்தம், வழிவிடுகிறார் என்று நினைத்து ஏறினால் போச்சு. புதிதாக வருகிறவருக்கு இதை யார் சொல்வது? லாரியின் சைகையை நம்பி முந்தாதே, உன் கண்ணுக்கு ரோடு காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்து என்றுதான் நான் சொல்லிக் கொடுக்கிறேன். இருவழிச் சாலையில் இது இன்னும் முக்கியம்.

இரவு பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். ரோட்டு ஓரத்தில் விளக்கு இல்லாமல் நிற்கிற லாரிதான் இரவு ஓட்டத்தில் முதல் எமன். பின்னால் ரிஃப்ளெக்டர் மண் படிந்து மங்கியிருக்கும், டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்குப் பல நேரம் பின்விளக்கே இருக்காது. லோ பீமில் நம் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். பகலில் நூறு போகிறவன் இரவில் எழுபது, எழுபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. எதிர்ப்பக்கம் ஹைபீம் அடித்து வந்தால் அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் நம் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். பதிலுக்கு நாமும் ஹைபீம் போட்டால் இரண்டு பேரும் குருடர்கள்தான். அப்புறம் தூக்கம். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகத் தூங்கப் பார்க்கும். டீ குடித்தாலும், ஏசியைக் கூட்டினாலும், பாட்டுப் போட்டாலும் அது நிற்காது. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகாதவர்கள் இந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டவே வேண்டாம் என்று நான் பெற்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

நம் நெடுஞ்சாலையில் ஆட்களும் நடக்கிறார்கள். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைபயணம், சமயபுரத்துக்குக் கூட்டம் கூட்டமாக மஞ்சள் சேலை. இரவு வெயில் இல்லையே என்று இருட்டில்தான் நடப்பார்கள். மேல்மருவத்தூர் போன்ற ஊர்களில் திருவிழா நாளில் நடுவில் எங்கே குறுக்கே வருவார்கள் என்று சொல்ல முடியாது. சென்டர் மீடியனில் இடைவெளி தெரிந்தால், அதில் பைக்கோ மாடோ நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் பழக வேண்டும். வெளிநாட்டு யூடியூப் வீடியோ பார்த்து நெடுஞ்சாலை ஓட்டக் கற்கிற பிள்ளைகளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அவர்கள் பார்க்கிற சாலைகளில் ஆடு வராது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சென்னைப் பக்கம் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பல பேருக்கு முதல் நெடுஞ்சாலைப் பயணமே பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போவதுதான். பெருங்களத்தூரில் ஊர்ந்து, பரனூர் டோல்கேட் தாண்டியதும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் பறக்கும். மூன்று மணி நேரம் நெரிசலில் நின்ற எரிச்சலில் எல்லோரும் ஓட்டுவார்கள். கற்றுக்கொள்ள அதைவிட மோசமான நாள் கிடையாது. முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், வெளிச்சம் வந்த பிறகு, செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை போய்த் திரும்பட்டும். டோல்கேட்டுக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே லேன் பிடித்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் பக்கத்து வரிசை சின்னதாக இருக்கிறது என்று வெட்டக் கூடாது. திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் ரிவர்ஸ் எடுக்காமல் அடுத்த யூ டர்ன் வரை போக வேண்டும். எத்தனை பேர் இருபது மீட்டர் பின்னால் வருவதாக நினைத்து உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்!

வண்டி பழுதானால் என்ன செய்வது என்பதும் பாடத்தில் இல்லை. ஹசார்டு லைட்டைப் போட்டு, தார் ரோட்டை விட்டு முடிந்தவரை இடப்பக்கம் இறக்கி, சிவப்பு முக்கோணத்தை ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைத்து, வண்டிக்குள் யாரும் உட்காராமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. ஸ்டெப்னி மாற்றுகிறேன் என்று ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் கதி என்னவானது என்று எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலை இறக்கத்தைப் பற்றி ஒரு வரி: தர்மபுரி பக்கம் தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு பிரேக் போன லாரிகள் எத்தனையோ. கார் ஓட்டுகிறவர் அதைச் செய்யாமல் இருந்தால் போதாது, பின்னால் அப்படி ஒன்று வரக்கூடும் என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.

வேகத்தையும் துறையே தெளிவாக்க வேண்டும். நான்கு வழிச் சாலையில் காருக்கு எவ்வளவு என்று புதிதாக லைசென்ஸ் வாங்கிய மூன்று பேரைக் கேளுங்கள், 80, 100, 120 என்று மூன்று பதில் வரும். 2018-ல் மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தி அறிவித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. சாதாரண ஜனங்கள் இதையெல்லாம் பின்தொடர்ந்துகொண்டிருக்க முடியாது. எந்தச் சாலையில், எந்த வண்டிக்கு, எவ்வளவு என்று தமிழில் ஒரே அட்டவணையாகத் துறை போடட்டும்.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கே இருக்கிற உறவுக்காரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஜெர்மனியில் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகும் முன் பயிற்சியாளரோடு 45 நிமிட வகுப்பாக விரைவுச்சாலையில் நான்கு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஐந்து, இருட்டில் மூன்று என்று கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2018 ஜூன் முதல், பயிற்சியாளர் பக்கமும் பெடல் உள்ள காரில் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் கூட இருந்தால் பழகுகிறவர்களே மோட்டார்வே என்கிற விரைவுச்சாலையில் ஓட்டலாம். மலேசியாவில் முதல் இரண்டு வருஷம், புதிதாக ஓட்டுகிறவர் என்று தெரிய வண்டியில் 'பி' ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், பின்னால் வருகிறவர் பார்த்து விலகிக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு 'பி' ஒட்டியவர் 90-க்கு மேல் போக முடியாது.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு வகுத்த பாடத்திட்டத்தில் காருக்கு மொத்தம் 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் ஓட்டிப் பழகுவது, நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் அதில் ஒரு பகுதி. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் போவது தெருமுனை டிரைவிங் ஸ்கூலுக்குத்தான். அங்கே இது வர வேண்டும்.

லைசென்ஸ் சட்டம் மத்திய அரசுடையது, மாநிலம் எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். ஸ்டிக்கர் கட்டாயம், வேகக் கட்டுப்பாடு எல்லாம் டெல்லியில் முடிவாக வேண்டியவை, அதற்கு நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பயிற்சியாளரோடு, 'எல்' போர்டு வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகலாம். ஆகவே பத்து மணி நேரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் நான்கு வழிச் சாலையில், அதில் ஒன்று இருட்டிய பிறகு என்று டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பதிவேட்டில் எந்தச் சாலை, எத்தனை மணிக்கு என்று எழுதிப் பயிற்சி பெற்றவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பைபாஸ் இருக்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் முதலில் சோதனையாக, டெஸ்டின் கடைசிப் பகுதியை சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறி அடுத்த இறக்கத்தில் இறங்குவதாக வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னும் சுலபமான ஒன்று. 2024 பிப்ரவரி முதல் லைசென்ஸ் அட்டையை விரைவு அஞ்சலில் வீட்டுக்கே அனுப்புகிறீர்கள். அந்த உறைக்குள் இன்னொரு தாள் வையுங்கள். ஒரு பக்கம் நெடுஞ்சாலையில் ஏறுவது, இடைவெளி விடுவது, முந்துவது, பழுதானால் செய்ய வேண்டியது, 1033, 108. மறுபக்கம் பெற்றவர்களுக்கு: முதல் சில மாதம் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், இரவுப் பயணம் வேண்டாம், பின் சீட்டிலும் எல்லோரும் பெல்ட் போடட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படம் போட்டு இருக்கட்டும், அலுவலகத் தமிழில் வேண்டாம்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற தம்பிகளே, தங்கைகளே, டீசல் விலையும் டோல் கட்டணமும் எனக்குத் தெரியும். இரண்டு மணி நேர பைபாஸ் வகுப்புக்குத் தனியாகக் கட்டணம் வையுங்கள். பெற்றவர்கள் கொடுப்பார்கள். என்னைக் கூட உட்கார்ந்து வரச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் கொடுப்பார்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ரோடு மறக்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டு வாரத்தில் ஒரு நாள் பேச வையுங்கள், பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள்.

ஆணையர் அவர்களே, அந்தத் தாளில் என்ன எழுதுவது என்று துறை உட்கார்ந்து பேசும்போது, இரவு வண்டி ஓட்டிய இரண்டு டிரைவர்களையும் ஒரு லாரி டிரைவரையும் கூப்பிடுங்கள். நான் சொந்தச் செலவில் வருகிறேன். வரும் பொங்கலுக்கு முன் அந்தத் தாள் உறைக்குள் போனால், அந்த மாதம் லைசென்ஸ் வாங்குகிற பிள்ளைகளுக்காவது அது கிடைத்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
செங்கல்பட்டு மாவட்டம்.